விடைக்கு மேலே ஒரு சிலுவை

என் தம்பி ரொனால்ட் பத்தாவதில் கணக்கைத் தவிர எல்லாவற்றிலும் பாஸ். கணக்கிலும் அல்ஜீப்ராதான் அவனைப் பிடித்த சனியன். இருபத்து மூன்று வயதில், பள்ளிப் பிள்ளைகளோடு உட்கார்ந்து மறுபடியும் தனித்தேர்வு எழுதினான்.

காரணம் அப்பா. கோபாலபுரத்தில் ஒரு பள்ளியில் லேப் உதவியாளராக இருந்தவர், வேலையில் இருக்கும்போதே இறந்துபோனார். கருணை அடிப்படையில் அந்த வேலை ரொனால்டுக்குக் கிடைக்கும், பத்தாவது பாஸாகியிருந்தால். விண்ணப்பிக்க இந்த மாதம்தான் கடைசி.

கண்ணாடிக் குடுவை கழுவுவதற்கு எதற்கு அல்ஜீப்ரா? அப்பா வாழ்நாளில் ஒரு எக்ஸையும் கண்டுபிடித்ததில்லை. அவர் காலத்தில் எட்டாவதே போதும். இதை விண்ணப்பம் வாங்கும் கல்வி அலுவலகத்திலேயே போய்க் கேட்டேன்.

“ரூல் அப்படி கீதும்மா, நான் இன்னா பண்ணட்டும்?” என்றார் அங்கிருந்தவர்.

தி.நகர் ஜவுளிக்கடையில் நாற்பது புடவையைப் பிரித்துப் பார்த்துவிட்டு எழுந்து போகிறவர்களிடமும் சிரித்துப் பேசுகிறவள் நான். அந்த ஆளிடம் எனக்குச் சிரிப்பு வரவில்லை.

சாந்தோமில் எங்கள் வீட்டில் எதை ஆரம்பித்தாலும் சிலுவைதான். உலையில் அரிசி போடும் முன் ஒன்று, எழுதும் தாளின் தலையில் ஒன்று. தேர்வன்று அம்மா டெல்பின், ரொனால்டின் நெற்றியில் கட்டைவிரலால் சிலுவை போட்டுவிட்டுச் சொன்னாள்:

“ஒவ்வொரு விடைக்கு மேலயும் சின்னதா ஒரு சிலுவை போட்டுடு நைனா. தொலைஞ்சதெல்லாம் கண்டுபிடிச்சுக் குடுக்குறாரு அந்தோணியாரு. உன் எக்ஸ மட்டும் உட்ருவாரா?”

சிரித்துக்கொண்டே போனான். அன்று நானும்தான் சிரித்தேன்.

முப்பத்து மூன்று மார்க். இரண்டு மார்க்கில் போய்விட்டது. விடைத்தாளின் நகலை டவுன்லோடு செய்து, லஸ் பஸ் ஸ்டாப்பில் நின்று இருவரும் என் செல்போனில் பார்த்தோம். அல்ஜீப்ராவில் இரண்டு கணக்கு, முதல் வரியிலிருந்து கடைசிவரை சரி. ஒன்றின் விடை மைனஸ் இரண்டு, மற்றதன் விடை மைனஸ் மூன்று. இரண்டிலும் மைனஸ் கோட்டின் தலையில் ஒரு குட்டிச் சிலுவை. ±2. ±3. திருத்தியவர் இரண்டையும் சிவப்பில் சுழித்து, ‘ப்ளஸ்ஸா, மைனஸ்ஸா?’ என்று எழுதி, ஒவ்வொன்றிலும் ஒரு மார்க்கைக் குறைத்திருந்தார்.

அவரைக் குறை சொல்ல முடியவில்லை. மறுபடி திருத்தச் சொல்லிக் கேட்டாலும், பதில் வருவதற்குள் மாதம் முடிந்துவிடும்.

வீடு வரைக்கும் நடந்தே வந்தோம்.

அம்மா ஜெபமாலையோடு வாசலில் நின்றிருந்தாள்.

“இன்னாடா போட்டுக்கீது பேப்பர்ல?”

நான் வாயைத் திறந்தேன். அவன் முந்திக்கொண்டான்.

“பெயிலுதாம்மா. நான்தான் தப்பா எழுதிட்டேன்.”

“சிலுவை போட்டியா?”

ரொனால்ட் என்னைப் பார்த்தான். சொல்லிவிடாதே என்று அந்தப் பார்வை கெஞ்சியது.

“மறந்துட்டேம்மா.”

அம்மா அவன் கன்னத்தில் அறைந்தாள். அவனைச் சின்ன வயதில்கூட அடிக்காதவள்.

“அதான்! நான் சொன்னது அந்த ஒண்ணுதானடா! அதப் போட்டிருந்தா பாஸாயிருப்பியேடா, பாவி!”

அழுதுகொண்டே அவன் தோளிலும் முதுகிலும் அடித்தாள். அவன் நகராமல் வாங்கிக்கொண்டு நின்றான். நான் செல்போனைப் பைக்குள் போட்டு மூடினேன்.