இல்லாத வேர்

மலையே இல்லாத ஊரில் மலைச் சைக்கிள் எதற்கு என்று சொந்தக்காரர்கள் கேட்டுக் கேட்டு அலுத்துப்போனார்கள். தையற்கடைக்காரிக்கும் அவள் கணவருக்கும் தடித்த டயர் போட்ட அந்த இரண்டு சைக்கிள்களும் இல்லையென்றால் ஞாயிற்றுக்கிழமையே இல்லை. கால்வாய்க்கரை வழியாக மதகு வரை, அங்கிருந்து ஆற்றோரம், பிறகு மரங்களுக்குள் புகுந்து செங்கல் பாலம். பாலத்தில் உட்கார்ந்து பிளாஸ்கிலிருந்து தேநீர் குடித்துவிட்டுத் திரும்பிவிடுவார்கள். கழுத்தை முறித்துக்கொள்ள ஆசைப்படுகிறவர்களுக்கு அங்கே வேலை இல்லை.

அவர் டவுன் பஸ் ஓட்டுகிறவர். டிப்போவில் பட்டப்பெயர் ‘நேர்கோடு’. அவர் ஓட்டினால் நின்றுகொண்டிருக்கும் பயணிகூடக் கம்பியைப் பிடிக்க வேண்டாம் என்பார்கள். இத்தனை வருடத்தில் ஒரு கீறல் கிடையாது. அதில் அவருக்குக் கொஞ்சம் திமிரும் உண்டு, இருந்துவிட்டுப் போகட்டும்.

இருவருக்கும் ஒரு வழக்கம் இருந்தது. முன்னால் போகிறவர் பாதையில் என்ன கிடக்கிறது என்று சத்தமாகச் சொல்ல வேண்டும். பின்னால் வருகிறவர் அதைத் திருப்பிச் சொல்ல வேண்டும். ‘கல்’ என்றால் ‘கல்’. ‘பள்ளம்’ என்றால் ‘பள்ளம்’. திருப்பிச் சொல்லாவிட்டால் காதில் விழவில்லை என்று அர்த்தம், முன்னால் போகிறவர் நின்றுவிடுவார். யானை வரும் பின்னே, மணியோசை வரும் முன்னே என்று மகள் கேலி செய்வாள். கல்யாணமாகிப் போன பிறகும் போனில் அவள் முதலில் கேட்பது, “இந்த வாரம் எத்தனை கல்லுக்கு ஏலம் போட்டீங்க?” என்பதுதான்.

எப்போதும் அவர்தான் முன்னால். போன மழைக்காலம் முடிந்ததும் ஒருநாள், “இனிமே நீ முன்னாடி போ. உனக்குத்தான் பாதை நல்லாத் தெரியுதே” என்றார். அவளுக்குத் தலைகால் புரியவில்லை. இடத்தை விட்டுக்கொடுக்காத மனுஷன் விட்டுக்கொடுத்துவிட்டார் என்று தையல் மெஷினிடம்கூடச் சொல்லி மகிழ்ந்தாள். அந்தச் சந்தோஷம் வாசற்கதவை அடைத்துக்கொண்டு நின்றதில் வேறெதுவும் உள்ளே வரவில்லை. வீட்டில் அவர் முக்காலியில் இடித்துக்கொண்டார், தரையில் வைத்த தண்ணீர்ச் சொம்பை உதைத்தார். “கண்ணு என்ன பிடரியிலயா இருக்கு?” என்று அவள் திட்டினாள். அவர் சிரித்துவைத்தார்.

அந்த ஞாயிறு நல்ல வெயில். மரங்களுக்குள் நுழைந்து பாலம் நெருங்கும் இடத்தில் ஒரு பெரிய வேர் பாதையின் குறுக்கே கிடக்கும். எழுந்து நின்று, முழங்காலை மடித்து, முன்சக்கரத்தைத் தூக்கித் தாண்ட வேண்டும். அவளுடைய வாய் பழக்கதோஷத்தில், “வேர்! பெருசு!” என்று கத்திவிட்டது. கத்தியபிறகுதான் பார்த்தாள். வேரும் இல்லை, மரமும் இல்லை. அந்த வாரம் அடித்த காற்றில் மரம் சாய்ந்திருக்கிறது. கால்வாய் ஆட்கள் அதை அறுத்து, வேரைத் தோண்டி எடுத்து, செம்மண் சரளை கொட்டி உருளை விட்டு இழைத்திருந்தார்கள். ஆற்றோரம் பூராவிலும் இவ்வளவு சமமான இடம் கிடையாது. அவளுக்குச் சிரிப்பு வந்தது. கடந்துபோய் நிறுத்தி, தன் அசட்டுத்தனத்தைச் சொல்லத் திரும்பினாள்.

“வேர், பெருசு” என்று சொல்லிக்கொண்டே அவர் வந்தார். சரளையின் விளிம்பில் இருக்கையை விட்டு எழுந்தார். முழங்காலை மடித்தார். பட்டப்பகலில், வெறுந்தரையில், இரண்டு கைகளாலும் முன்சக்கரத்தைத் தூக்கித் தாண்டினார். அவள் பக்கத்தில் வந்து நின்று மூச்சு வாங்கினார்.

“பார்த்தியா, உரசக்கூட இல்ல!”

அவள் சைக்கிளை விட்டு இறங்கினாள். பாலம் வரை அதை உருட்டிக்கொண்டு போனாள். கைப்பிடிச் சுவரில் அவரை உட்காரவைத்தாள். பிளாஸ்கைத் திறக்கவில்லை.

“அங்க வேர் இல்லங்க. எடுத்துட்டாங்க.”

அவர் தண்ணீரைப் பார்த்துக்கொண்டிருந்தார். முழுப் பூசணிக்காயை எத்தனை நாள் சோற்றில் மறைக்க முடியும்? அவராகவே சொன்னார். “நேரா பார்த்தா எல்லாம் தெரியுது. அதோ அந்தக் கரையில இருக்கற போர்டைப் படிக்கட்டுமா? கீழயும் ஓரத்துலயும்தான்... இருட்டு மாதிரிகூட இல்ல. அங்க எதுவுமே இல்லாத மாதிரி இருக்கு.”

“டாக்டர்கிட்ட போனீங்களா?”

“போனேன். கண்ணுல அழுத்தமாம். சொட்டு மருந்து குடுத்தார். போனது போனதுதானாம், இருக்கறதைக் காப்பாத்தலாமாம்.”

“வண்டி ஓட்டலாம்னு சொன்னாரா?”

அந்தக் கேள்விக்குள் ஒரு பஸ் நிறைய ஜனங்கள் உட்கார்ந்திருந்தார்கள். நாளை விடிந்தால் அதை அவர் எடுத்தாக வேண்டும்.

“தலையைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கறேன். கண்ணாடி இருக்கு. வழி மனப்பாடம். இதுவரைக்கும் ஒண்ணும் ஆகலயே!” என்றார். பிறகு குரல் இறங்கியது. “பஸ் இல்லாட்டி நான் யாரு, சொல்லு. காலையில எந்திரிச்சு எங்க போவேன்?”

அவளுக்கு அழுகை முட்டியது. திட்டியதெல்லாம் வரிசையாக ஞாபகம் வந்தது. அவர் அவளுடைய கையைப் பிடித்துக்கொண்டு ஒரு பந்தயம் கேட்டார். “திரும்பிப் போகும்போது நீ வாயைத் திறக்காதே. ஒரு சத்தம் குடுக்காம முன்னாடி போ. நான் ஒழுங்கா வந்து சேர்ந்தா யார்கிட்டயும் சொல்லாதே. எங்கயாவது இடறினா நீ சொல்றபடி கேக்கறேன்.”

அவள் ஒத்துக்கொண்டாள். ஒத்துக்கொண்டிருக்கக் கூடாது. ஊரார் உயிரை வைத்தா புருஷனும் பெண்சாதியும் பந்தயம் கட்டுவது? ஆனால் அந்தக் கை அவள் கையை விடவில்லை. அவளும் மனுஷிதானே.

வாயை இறுக மூடிக்கொண்டு மரங்களுக்குள் போனாள். சாய்வு வேர், இரட்டை வேர், உடைந்த படிக்கல். ஒவ்வொன்றிலும் பின்னால் டயர் தூக்கி இறங்கும் சத்தம் சரியாக வந்தது. வருடக்கணக்காகப் போன பாதை, கண்ணைக் கட்டிக் காட்டில் விட்டாலும் வந்துவிடுவார். அவளுக்கே நம்பிக்கை துளிர்த்தது. சாமர்த்தியமான ஆள், சமாளித்துவிடுவார், நாமே பெரிதுபடுத்துகிறோமோ என்று நினைத்தாள். அப்படி நினைக்க எவ்வளவு ஆசையாக இருந்தது!

ஆற்றோரம் வந்தது. கரையில் ஓர் ஆள் மடக்கு நாற்காலியில் உட்கார்ந்து தூண்டில் போட்டிருந்தான். அவன் மகளாக இருக்க வேண்டும், பச்சைச் சட்டை போட்ட சிறுமி ஒருத்தி பாதையின் வலது ஓரத்தில் குந்தி, கூழாங்கற்களை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கிக்கொண்டிருந்தாள். தையற்கடைக்காரி இடது பக்கமாக ஒதுங்கிக் கடந்தாள். பின்னால் டயரின் சத்தம் ஒதுங்கவில்லை. நேர்கோடாக வந்தது.

இந்தச் சிறுமி யாருடைய மனப்பாடத்திலும் இல்லை. வாயைத் திறந்தால் அவருடைய வேலை போயிற்று. அவருடைய காலைப்பொழுதும் திமிரும் சிரிப்பும் போயின. அதெல்லாம் அவள் பிறகு யோசித்தது. அப்போது யோசிக்கவில்லை.

“குழந்தை! வலது பக்கம்! குழந்தை!”

இரண்டு பிரேக்கும் ஒன்றாக அலறின. பின்சக்கரம் வழுக்கி அவர் சைக்கிளோடு சாய்ந்தார். முன்சக்கரம் கற்கோபுரத்தைத் தட்டிவிட்டு, சிறுமியின் முழங்காலுக்கு ஒரு சாண் தள்ளி நின்றது. அவர் தரையில் உட்கார்ந்தபடியே தலையை இப்படியும் அப்படியும் திருப்பினார்.

“எங்க? எங்க குழந்தை? அடிபட்டுச்சா?”

அவருடைய தோளுக்குப் பக்கத்தில், கையை நீட்டினால் தொடும் தூரத்தில், சிறுமி வாய் பிளந்து பார்த்துக்கொண்டிருந்தாள்.

“இங்கதான் இருக்கேன், தாத்தா.”

அவர் குரல் வந்த பக்கம் முழுவதுமாகத் திரும்பி, குனிந்து, அவளைக் கண்டுபிடித்தார். முகம் வெளுத்துவிட்டது. தகப்பன் ஓடிவந்து மகளைத் தூக்கிக்கொண்டான். தலைக்கு வந்தது தலைப்பாகையோடு போயிற்று என்று அவனும் விட்டுவிட்டான். “பரவாயில்ல சார், மெதுவாத்தானே வந்தீங்க” என்றான்.

“ஆமா, மெதுவாத்தான் வந்தேன்” என்றார் அவர். பிறகு அதையே இன்னொரு தடவை, யாரிடமும் இல்லாமல், சொல்லிக்கொண்டார்.

பந்தயத்தைப் பற்றி இருவரும் பேசவில்லை. முழங்கையில் சிராய்த்த இடத்தை அவள் கைக்குட்டையால் கட்டினாள். மதகைத் தாண்டிக் கால்வாய்க்கரை முழுக்க அவள் சத்தம் கொடுத்தாள். கல் என்றாள், பள்ளம் என்றாள், நாய் என்றாள். அவர் ஒவ்வொன்றையும் திருப்பிச் சொன்னார். குரல் சின்னதாகிக்கொண்டே வந்தது. அவளுக்குக் கண்ணில் நீர் கோத்துப் பாதை மங்கியது. ஒருத்தருக்காவது தெரிய வேண்டுமே என்று துடைத்துத் துடைத்துப் பார்த்தாள்.

கரை முடிந்து சாலை தொடங்கும் இடத்தில் பாதை பிரியும். இடது பக்கம் வீடு. வலது பக்கம் பஸ் டிப்போ.

“இடது” என்றாள்.

பின்னாலிருந்து பதில் இல்லை. வழக்கப்படி நின்றாள். அவரும் ஒரு காலை ஊன்றி நின்றிருந்தார். வலப்பக்கம் முகத்தைத் திருப்பி, நேராக, சாலையின் கோடியில் தெரிந்த டிப்போவின் பெயர்ப்பலகையைப் பார்த்துக்கொண்டிருந்தார். அது அவருக்கு நன்றாகத் தெரியும்.

“வலது” என்றார்.

“என்னங்க?”

“வலது பக்கம் திருப்பு. டியூட்டி ஆபீசர் இருப்பார். இன்னிக்கே சொல்லிடறேன். விடிஞ்சா என் மனசு மாறிடும்.”

திருப்பிச் சொல்லாவிட்டால் காதில் விழவில்லை என்று அர்த்தம்.

“வலது” என்று சொல்லிவிட்டு, சைக்கிளைத் திருப்பினாள்.