கூரைக்காற்றின் கணக்கு

விடியுமுன் உட்கார்ந்தால்தான் வெயில் ஏறுவதற்குள் இரண்டு கட்டு பனைநார்த் தும்பு கூடுதலாகச் சீவலாம். ராதாபுரத்துக்கு மேற்கே, அருணாசலம் அண்ணாச்சியின் ஆலையில், ஐந்து மணிக்கே நாற்பது பெண்கள் இரும்புச் சீப்புகளின் முன் குனிந்திருந்தார்கள். ஊறிய பனைமட்டையின் புளித்த வாடை மூக்கில் ஏறியது. நார் கீறிய உள்ளங்கை எரிந்தது. எரிகிறதென்று கையை வீட்டில் கழற்றி வைத்துவிட்டா வர முடியும்?

அந்தக் கொட்டகையை வரைந்து கட்டிக் கொடுத்த எஞ்சினியர் எஸ்றா, ஏணியில் நின்று ஒரு தூணின் உச்சியிலிருந்து நூலில் கட்டிய தூக்குக்குண்டை இறக்கினான். குண்டு ஆடாமலிருக்க, கீழே வாளித் தண்ணீருக்குள் அதை முங்க விட்டிருந்தான். வெளியே ஆடிக்காற்று ஒரு வீச்சு வீசியது. தூணின் உச்சி சாய்ந்ததில் நூல் அதன் அடியைவிட்டு மூன்று விரல் விலகியது. காற்று நின்றதும் பழைய இடத்துக்கு வந்தது. மறுபடி வீசியது, மறுபடி விலகியது.

மூன்று நாளைக்கு முன் இதே கூரையில் ஒரு போல்ட் அறுந்து, சட்டம் விழுந்து, ஃபிட்டர் மணிராஜின் தோள் நொறுங்கியது. அவன் பாளையங்கோட்டை ஆஸ்பத்திரியில் கிடக்கிறான். அவன் மனைவி முத்துராணி இதோ, எட்டடி தள்ளித் தும்பு சீவுகிறாள். எஸ்றாவால் அவள் முகத்தை ஏறிட்டுப் பார்க்க முடியவில்லை.

முதலில் அவன் வரைந்தது தாழ்ந்த சாய்வுக் கூரை. காற்று அதை மேலே தூக்கப் பார்க்குமே தவிர, பக்கவாட்டில் பெரிதாகத் தள்ளாது. பிறகு அண்ணாச்சி, "முகட்ட நல்லா ஏத்தும்வே, தும்ப ஒசர அடுக்கலாம்" என்றார். எஸ்றா வரைபடத்தில் முகட்டை ஏற்றினான், கணக்கைத் தொடவில்லை. செங்குத்தான கூரையின் ஒரு பக்கத்தைக் காற்று தள்ளும், மறுபக்கத்தை அதே திசைக்கு இழுக்கும். அவ்வளவும் தூண்களில்தான் வந்து இறங்கும். சுவரில் மோதும் காற்றுக்கு மட்டும் தூண்களை நிறுத்திவிட்டு, தகடு லேசுதானே என்று இருந்துவிட்டான். தூண்கள் ஆட ஆட, மேலே போல்ட் அறுந்தது. கணக்கை மறுபடி போடுவது ஒரே ஒரு சாயங்கால வேலை. சோம்பிவிட்டான், பாவி.

ஏழு மணிக்கு அண்ணாச்சியின் கார் வந்தது. இறங்கியவர் கையில் ஒரு தாள்.

"எஸ்றா, இதுல ஒரு கையெழுத்துப் போடும். போல்ட முறுக்காம விட்டது மணிராஜ்னு எழுதியிருக்கு. ரெண்டு பேருக்கும் தலவலி தீரும்."

முத்துராணியின் கை சீப்பிலேயே நின்றது.

மறைப்பானேன், எஸ்றா பேனாவை வாங்கத்தான் செய்தான். மூடியைக்கூடத் திறந்துவிட்டான். அப்போது காற்று வீசி முகடு முனகியது. நாற்பது தலைகளும் ஒருசேர நிமிர்ந்து பார்த்துவிட்டு, பழகிப்போன மாதிரி மறுபடி குனிந்தன. அவர்களுக்கு அது பழகிப்போனதைத்தான் அவனால் தாங்க முடியவில்லை.

"மணிராஜ் ஒழுங்காத்தான் முறுக்கினான் அண்ணாச்சி. கூரைக்காத்தக் கணக்குல விட்டது நான். தூணுக்குத் தூண் குறுக்குச்சட்டம் போடுத வரைக்கும் ஒருத்தரும் உள்ள இருக்கக் கூடாது."

"கோட்டி பிடிச்சிருக்காவே ஒமக்கு?" அண்ணாச்சி பெண்கள் பக்கம் திரும்பினார். "ஏளா, ஆலைய மூடுனா ஒங்க அடுப்பு எரியுமா?"

மூத்தவளான பேச்சித்தாய் மடியில் கிடந்த தும்பைத் தட்டிவிட்டு எழுந்தாள். "அடுப்பு எரியாட்டா பசிக்கும் அண்ணாச்சி. கூரை விழுந்தா பசிக்கவே செய்யாதுல்லா?"

ஒருத்தி எழுந்தாள். பக்கத்தில் இருந்தவள் எழுந்தாள். சீப்புகள் தனியாகக் கிடந்தன.

"நாளைக்கே வேற ஆளு எடுப்பேன்!"

"எடுங்க. அவளுவளுக்கும் இந்த நூலக் காட்டுவோம்" என்றாள் பேச்சித்தாய். "சட்டம் போட்டுட்டுக் கூப்பிடுங்க. மணிராஜுக்கு வைத்தியமும் ஆலைதான் பாக்கணும்."

வெளியே பனை நிழலில் முத்துராணி எஸ்றாவின் எதிரே வந்து நின்றாள்.

"மூணு நாளாத் தெரியுமா?"

"தெரியும்."

"அவரு அங்கன படுத்துக்கிட்டு, 'நான்தான் சரியா முறுக்கலியோ'ன்னு தன்னையே ஏசிக்கிட்டுக் கெடக்காரு." அவள் முந்தானையில் ஒட்டியிருந்த தும்பைப் பிய்த்து எறிந்தாள். "ஒங்கள என்னால மன்னிக்க முடியாது சார். ஆனா சொன்னத எழுதிக் குடுங்க. கலெக்டர் ஆபீசுக்கு எல்லாருமாப் போவோம்."

அண்ணாச்சி கொடுத்த தாள் இன்னும் எஸ்றாவின் கையில்தான் இருந்தது. அதைத் திருப்பித் தரையில் விரித்துக் குத்தவைத்தான். காற்று தாளைப் பிடுங்கியது. முத்துராணி கீறல் விழுந்த உள்ளங்கையால் ஒரு மூலையை அழுத்திப் பிடித்தாள். இன்னொரு மூலையைப் பேச்சித்தாய் பிடித்தாள். பிறகு எத்தனை கைகள் வந்தன என்று எஸ்றா எண்ணவில்லை. தாள் அசையாமல் இருந்தது.

'மணிராஜ் மீது தவறில்லை' என்று முதல் வரியை எழுதினான்.