மீசை சொன்ன விடை

ஆறாம் வகுப்புக் கணக்கு ஆசிரியருக்குத் தம் மீசையின்மேல் ஒரு பெருமிதம் உண்டு. பிள்ளைகள் முதுகுக்குப் பின்னால் தம்மை 'மீசை' என்று அழைப்பதும் அவருக்குத் தெரியும். கம்பீரத்துக்குக் கிடைத்த பட்டம் என்று எண்ணிக்கொண்டு, காதில் விழாதவர்போல் நடந்துவிடுவார்.

மீசையைக் காட்டிலும் பெரிய பெருமை அவருடைய வகுப்பு. கேள்வி கேட்ட மாத்திரத்தில் ஒரே குரலில் விடை வந்து விழும். அந்த வகுப்பைப் பார்வையிட அடுத்த வாரம் வேறு பள்ளிகளின் ஆசிரியர்கள் வருவதாக இருந்தது. அது நன்றாக அமைந்தால், புதிதாகச் சேரும் ஆசிரியர்களுக்கு வழிகாட்டும் பொறுப்பை அவரிடமே தருவதாகத் தலைமையாசிரியை சொல்லியிருந்தார். யாரிடமும் வாய்விட்டுக் கேட்காமல் நெடுங்காலமாக அவர் மனத்துக்குள் பொத்தி வளர்த்த ஆசை அது.

நேரம் பார்த்துச் சளி பிடித்துக்கொண்டது. பிள்ளைகளுக்குத் தொற்றக் கூடாதே என்று மூக்கும் வாயும் மறைய முகக்கவசம் அணிந்து பாடம் நடத்தினார். வகுப்பு ஊமையாகிவிட்டது. நேற்றுவரை மடை திறந்தாற்போல் விடை சொன்ன பிள்ளைகள், எளிய கேள்விக்கும் பேயறைந்தவர்கள்போல் விழித்தார்கள். குரல் எட்டவில்லை போலும் என்று உரக்கக் கேட்டார். கரும்பலகையில் எழுதியும் காட்டினார். ஒன்றும் பலிக்கவில்லை.

பக்கத்து வகுப்பு அறிவியல் ஆசிரியை பணிக்கு வந்து அதிக காலம் ஆகாதவர். வெட்கத்தை விட்டு அவரிடம் போய், ஒரு பாடவேளை கடைசி வரிசையில் உட்கார்ந்து என்ன கோளாறு என்று பார்த்துச் சொல்லும்படி கேட்டுக்கொண்டார். அவர் பார்த்தார். ஆசிரியர் அறைக்கு வந்து நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.

"கோவிச்சுக்கலன்னா சொல்றேன் சார். பசங்க போர்டப் பாக்கல. உங்க மாஸ்க்கத்தான் பாக்குறாங்க."

"மாஸ்க்குல என்னம்மா இருக்கு?"

"அதுக்கு அடியில மீசை இருக்கே. யாராச்சும் முணுமுணுக்கிற விடை சரின்னா லேசா மேல ஏறும், உடனே எல்லாரும் அதையே சொல்லிடுவாங்க. தப்புன்னா படுத்துக்கும். ஸ்டாஃப் மீட்டிங்ல நாங்களே அதப் பாத்துதான சார் தலையாட்டுறோம்."

அவருக்குச் சுருக்கென்றது. வீட்டுக்குப் போய் மனைவியிடம் நியாயம் கேட்டார். அந்த அம்மாள் துணி மடிப்பதை நிறுத்தவேயில்லை. "இது இப்பத்தான் தெரியுதாக்கும். சமையல் எப்படின்னு கேட்டா எப்பவும் பிரமாதம்னுதான் சொல்றீங்க. நான் உங்க வாயயா பாக்குறேன்?"

ஒரு தோட்டத்தில் ஒரு கிளி இருந்ததாம். பழம் பழுத்ததா என்று அது பழத்தைப் பார்த்து அறியாது. தோட்டக்காரன் கூடையை எடுத்தால் பறந்து வரும். அவன் வெளியூர் போன அன்று, பழுத்துத் தொங்கிய கிளையிலேயே பட்டினி கிடந்ததாம். கிளியைக் குறை சொல்லிப் பயனில்லை. கூடையைக் காட்டிக் காட்டிப் பழக்கியவன் தோட்டக்காரன்தான். கணக்கு ஆசிரியரும் அந்த மாலை முழுவதும் இதையேதான் வேறு சொற்களில் நினைத்துக்கொண்டிருந்தார். பிள்ளைகள் படித்தது கணக்கை அல்ல, அவரை.

பார்வையாளர் வரும் நாளுக்குள் சளி விட்டுவிட்டது. முகத்தைத் திறந்துகொண்டு போய் நின்றால் போதும், பழையபடி வகுப்பு ஜொலிக்கும். அறிவியல் ஆசிரியையும் காட்டிக்கொடுக்கிறவர் அல்லர். ஆனால் பொறுப்பு கைக்கு வந்தபின் புதியவர்களுக்கு எதைச் சொல்லிக்கொடுப்பது? மீசை வளர்க்கவா?

அன்று கரும்பலகையில் முக்கால், மூன்றில் இரண்டு என்று இரண்டு பின்னங்களை எழுதினார். எது பெரியது என்று கேட்டுவிட்டு விறுவிறுவென்று வகுப்பின் பின்பக்கம் போய், பார்வையாளர்களின் நாற்காலிகளுக்குப் பக்கத்தில் நின்றுகொண்டார். திரும்பிப் பார்த்த தலைகளைப் பலகைப் பக்கமே திருப்பச் சொன்னார்.

பிள்ளைகள் பலகையையும் ஒருவரையொருவரும் மாறி மாறிப் பார்த்தார்கள். வந்தவர்களில் ஒருவர் கனைத்தார். தலைமையாசிரியை கடிகாரத்தைப் பார்த்தார். விடை ஆசிரியரின் நாக்கு நுனியில் வந்து உட்கார்ந்துகொண்டு இறங்க மறுத்தது. கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு, பல்லைக் கடித்து நின்றார்.

ஒரு சிறுமி எழுந்தாள். எதையும் ஒரு முறைக்கு இரு முறை கேட்பதால் தோழிகள் அவளுக்குச் 'சந்தேகம்' என்று பெயர் வைத்திருந்தார்கள்.

"ரெண்டும் ஒண்ணுதான் சார். மூணு துண்டுல ரெண்டு எடுத்தா ஒண்ணு மிச்சம். நாலுல மூணு எடுத்தாலும் ஒண்ணுதான மிச்சம்?"

தவறுதான். ஆனால் தன் காலில் நிற்கிற தவறு. அப்படி ஒன்றை அவர் அந்த வகுப்பில் கேட்டதே இல்லை. தொண்டைவரை வந்த 'தப்பு' என்ற சொல்லை விழுங்கிவிட்டு, மற்றவர்கள் என்ன நினைக்கிறார்கள் என்று மட்டும் கேட்டார். முணுமுணுப்பு எழுந்தது. சன்னலோரத்திலிருந்து ஒரு குரல் வந்தது. "அந்த ஒண்ணும் இந்த ஒண்ணும் ஒரே சைஸாடி?"

அவ்வளவுதான், வகுப்பு சந்தைக்கடை ஆகிவிட்டது. ஆளுக்கொரு பக்கம் வாதாடினார்கள். சந்தேகமோ சந்தடி செய்யாமல் ஒரே நீளத்தில் இரண்டு தாள்களைக் கிழித்து, ஒன்றை மூன்றாகவும் மற்றதை நான்காகவும் மடித்தாள். மிச்சத் துண்டுகளை அருகருகே வைத்து நெடுநேரம் பார்த்தாள்.

"நாலுல மிஞ்சுற துண்டுதான் சின்னது," என்றாள். "அப்ப முக்கால்தான் பெருசு. நான் சொன்னது தப்பு சார்." தோற்றவள்போல் இல்லை, எதையோ கண்டெடுத்தவள்போல் இருந்தாள்.

மணி அடித்துவிட்டது. பாடம் அரைகுறை.

தலைமையாசிரியை அவரைத் தம் அறைக்கு அழைத்தார். "மூணு கணக்குன்னு சொல்லியிருந்தீங்க சார். ஒண்ணுதான் ஆச்சு."

"ஆமா மேடம். ஆனா அத அவங்களே போட்டாங்க."

பிறகு, சளியில் தொடங்கி மனைவி சொன்னதுவரை ஒளிவுமறைவின்றிச் சொல்லி முடித்தார். பொறுப்பை வேறொருவருக்குக் கொடுத்தாலும் தமக்கு வருத்தமில்லை என்றார். அது முழு உண்மையல்ல, முக்கால் உண்மை. தலைமையாசிரியை சிரிப்பை அடக்க உதட்டைக் கடித்தபடி கேட்டுக்கொண்டிருந்தார்.

"பொறுப்பு உங்களுக்குத்தான் சார்," என்றார். "புதுசா வர்றவங்க வகுப்புக்கெல்லாம் பொறவு போகலாம். மொதல்ல என் வகுப்புல வந்து பின்னாடி உக்காருங்க. எனக்கும் எங்கயாவது ஒரு மீசை இருக்கும்."

மறுநாள் மூன்றாம் பாடவேளை என்று முடிவாயிற்று.