ஆறாவது புகை

படகோட்டி கடலில் இழுத்த சிகரெட்டின் புகை, கல்யாணமான மறுநாளிலிருந்தே, கரையில் இருந்த அவன் மனைவியின் வாய் வழியாகத்தான் வெளியே வந்தது. சிகரெட் ஒன்றுக்கு ஒரு பெரிய புகை. அவள் அந்தக் கருமத்தைக் கையால் தொட்டதுகூடக் கிடையாது. வலையை விரித்துவிட்டு ஆறு சிகரெட் பிடிக்கும் நேரம் பொறுத்து இழுப்பது அவன் வழக்கம். கரைக்கு வந்துவிட்டால் ஒன்றுகூடப் பிடிக்க மாட்டான், அவ்வளவு நல்லவன். முதல் வாரம் அக்கம்பக்கத்தார் பயந்தார்கள். இரண்டாம் வாரம் மீன் வாங்கி விற்கும் பெண்களில் ஒருத்தி புகையை எண்ணிப் பார்த்தாள். அதிலிருந்து ஆறாவது புகை வந்த பிறகே, வரப்போகும் மீனுக்கு ஐஸ் உடைத்தார்கள். ஒரு கட்டிகூட வீணாய்க் கரையவில்லை. எல்லோருக்கும் சௌகரியமாகத்தான் இருந்தது, அவளைத் தவிர.

பதினெட்டாம் வருடம் அவளால் ஒரு குடம் தண்ணீரோடு படியேற முடியவில்லை. டாக்டர் எக்ஸ்ரேயை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துவிட்டு, "ஒரு நாளைக்கு எத்தனை பிடிக்கிறீங்க?" என்றார்.

"நான் பிடிக்கிறதில்ல டாக்டர். அவர்தான் பிடிக்கிறார்."

பொய் சொல்பவர்களை நிறையப் பார்த்தவர் என்பதால் அவர் மேற்கொண்டு கேட்கவில்லை. படகோட்டியின் நெஞ்சு கழுவி வைத்த தட்டுபோல் இருந்தது. அதில் அவனுக்குப் பெருமை வேறு.

"விட்டுடுங்களேன், கடிகாரம் கட்டிக்கங்க," என்று கெஞ்சினாள்.

"உப்புத்தண்ணியில எந்தக் கடிகாரம் தாங்கும்? உனக்கு மூச்சு வாங்குதுன்னு ஊர் பொழப்பு கெடணுமா?"

மீன்காரப் பெண்கள் இரக்கமுள்ளவர்கள். அவளுக்கு ஒரு தலையணை கொண்டுவந்து கொடுத்து, வாய் தெரியும்படி கட்டிலை ஜன்னலோரம் இழுத்துப் போட்டார்கள். நாலு வருடம் அப்படியே கிடந்தாள்.

ஒரு காலை, படகு போய் வெகுநேரமாகியும் அவளிடமிருந்து புகை வரவில்லை. மூச்சு மட்டும் வந்தது, வெறும் மூச்சு. அவளுக்கு அழுகை பொங்கிவிட்டது. இருபத்திரண்டு வருடக் கோபத்தை அந்த நிமிடமே மறந்தாள்.

"உங்கப்பா விட்டுட்டாருடி!" என்று மகளைக் கூப்பிட்டாள். "கடைசியில என் பேச்சைக் கேட்டுட்டாரு!"

மகளுக்குப் பதினேழு வயது. சமையலறையிலிருந்து மெல்ல வந்து நின்றாள். அடுப்பை இன்னும் பற்றவைக்கவில்லை. பதில் சொல்ல வாயைத் திறந்தாள், புகை வந்தது.

"என்னடி, இன்னிக்கு ஒண்ணையும் காணோம்? ஐஸ் உடைக்கவா வேணாமா?" என்று ஜன்னலுக்கு வெளியிலிருந்து மீன்காரப் பெண்கள் கேட்டார்கள்.

மகள் அம்மாவின் முகத்தைப் பார்க்கவில்லை. "பொறுங்கக்கா, இப்பதான் நாலாச்சு," என்றாள் இருமிக்கொண்டே.

மறுநாள் அந்தப் பெண்கள் இன்னொரு தலையணை கொண்டுவந்தார்கள்.