செவ்வாய்க்கிழமைப் புல்

அன்று மழை பெய்ததா, வெறும் தூறல்தானா என்பதில் எனக்கு இன்னும் சந்தேகம் இருக்கிறது. வண்டிக்காரர் இதை என்னிடம் மூன்று தடவை சொல்லியிருக்கிறார். முதல் தடவை கொட்டும் மழை. அடுத்த தடவை தூறல். மூன்றாம் தடவை மழையைப் பற்றிப் பேச்சே இல்லை. நானும் எதையாவது மாற்றிச் சொல்லக்கூடும். ஆனால் புல்லைப் பற்றிச் சொன்னது மட்டும் மூன்று தடவையும் ஒரே மாதிரிதான் இருந்தது.

வீடு வீடாகப் போய்ப் பச்சைத் தொட்டிகளை வண்டியில் கவிழ்ப்பது அவர் வேலை. வெட்டிய புல், கழித்த கிளை, சருகு, வாடிய பூ எல்லாம் ஊருக்கு வெளியே இருந்த உரக்கிடங்குக்குப் போகும். கிடங்கைப் பார்த்துக்கொண்டவர் அவருடைய அக்காவின் கணவர். அங்கே எல்லோருக்கும் அவர் 'மூக்கர்'. குவியலிலிருந்து ஒரு பிடி அள்ளி முகர்ந்தாலே, இன்னும் எத்தனை நாள் மக்க வேண்டும் என்று சொல்லிவிடுவார். அப்படியும் மூக்கை மட்டும் நம்ப மாட்டார். ஆளுயரக் கம்பி வெப்பமானியைத் தினமும் குவியலின் வயிற்றில் செருகி, சூட்டை நோட்டில் எழுதி வைப்பார்.

"குவியல் சுட்டாத்தான் தம்பி உரம். சுடலன்னா, ஜனங்க குடுத்த குப்பைய ஜனங்களுக்கே திருப்பிக் குடுக்குறோம், அவ்வளவுதான்" என்பார்.

எந்தச் சூட்டுக்கும் சாகாதது ஒன்று உண்டு. புல்தரையில் களை வராமலிருக்க அடிக்கும் சில மருந்துகள். மருந்து அடித்த புல் வந்தால் தொட்டியில் சிவப்புச் சீட்டைக் கட்டிவிட்டு, எடுக்காமல் வந்துவிட வேண்டும். வண்டிக்காரர்கள் எல்லோரிடமும் இதைச் சொல்லிச் சொல்லியே மூக்கருக்குத் தொண்டை கட்டிப்போயிருந்தது.

செவ்வாய்க்கிழமைச் சுற்றில் ஓய்வுபெற்ற சர்வேயர் ஒருவரின் வீடு இருந்தது. அன்று அவர் முழங்கால் வலியோடு தொட்டியைத் தானே வாசல்வரை இழுத்து வந்திருந்தார்.

"பாத்தியா தரைய? ஒரு களை இருக்கா, சொல்லு."

"என்ன சார், சலூனுக்குக் கூட்டிட்டுப் போனீங்களா?"

"மருந்துப்பா! பத்து நாள் முன்னாடி அடிச்சேன்."

சிவப்புச் சீட்டு வண்டிக்காரரின் சட்டைப் பையில்தான் இருந்தது. மழையோ தூறலோ, ஏதோ ஒன்று பெய்துகொண்டிருந்தது. பெரியவர் சிரித்துக்கொண்டு நின்றார். ஒரே ஒரு தொட்டிதானே என்று வண்டிக்காரர் கவிழ்த்துவிட்டார். ஒரு தடவை எடுத்தபின் அடுத்த வாரம் எந்த முகத்தோடு மாட்டேன் என்பது? அந்தப் பருவம் முழுக்கச் செவ்வாய்தோறும் அந்தப் புல் கிடங்குக்குப் போனது.

மக்கிய உரத்தை வீடுகளுக்குத் திருப்பிக் கொடுத்த மூன்றாம் வாரம் புகார்கள் வந்தன. தக்காளி இலைகள் மூடிய கைவிரல்களைப் போலச் சுருண்டுகொண்டன. ஓர் அம்மாள் செடியை வேரோடு பிடுங்கி வந்து கிடங்கு மேலாளரின் மேசையில் வைத்தார். மேலாளருக்கு யோசிக்க நேரமில்லை. குவியல் சுடவேயில்லை, அரைகுறை உரம், நோட்டில் இருப்பதெல்லாம் உட்கார்ந்த இடத்தில் எழுதிய எண்கள் என்றார். ஒரு மாதத்துக்குள் பதில் தரவேண்டும், அதுவரை கிடங்குப் பக்கம் வரக்கூடாது என்று மூக்கரை வீட்டுக்கு அனுப்பிவிட்டார்.

அன்று மாலையே மூக்கர் மைத்துனரைக் கூப்பிட்டார்.

"இலை சுருள்றதப் பாத்தா மருந்து மாதிரி இருக்கு. நீ எதையாவது எடுத்தியா?"

"நான் எதுக்கு எடுக்கிறேன், அத்தான்?"

"நீ எடுக்க மாட்டே, தெரியும். தெரியாம வந்திருக்கும். ஒண்ணு பண்ணு. நாளுக்கு ஒரு பை, அஞ்சு நாள் சுத்துலேர்ந்தும் புல்லு கொண்டா. மண்ணுல கலந்து பீன்ஸ் போடுறேன். மருந்து இருந்தா பீன்ஸ் காட்டிக் குடுத்துடும்."

திங்களன்று எடுத்த புல் திங்கள் பையில் போனது. செவ்வாயன்று வண்டிக்காரர் சர்வேயர் வீட்டு வாசலில் வண்டியை நிறுத்தினார். பையை விரித்துப் பிடித்தார். பிடித்தபடியே கொஞ்ச நேரம் நின்றார். பிறகு அதை மடித்துக்கொண்டு, இரண்டு தெரு தள்ளி ஒரு தையல்காரரின் வீட்டுத் தொட்டியிலிருந்து நிரப்பினார். அந்தத் தோட்டத்தில் மருந்து என்ன, ஒழுங்காகத் தண்ணீர்கூட விழுந்ததில்லை.

ஐந்து சட்டிகளும் அக்காவின் சமையலறை ஜன்னலில் வரிசையாக இருந்தன. ஒவ்வொன்றிலும் கிழமை எழுதிய குச்சி.

"என்னையும் ஒரு சட்டியில நட்டு வெச்சாத்தான் உங்க அத்தான் திரும்பிப் பாப்பாரு போலிருக்கு" என்றாள் அக்கா. தம்பி சிரித்தார். சிரித்தது நன்றாக நினைவிருக்கிறது என்று ஒவ்வொரு தடவையும் சொல்வார்.

பதினைந்தாம் நாள் மூக்கர் அவரை வரச் சொன்னார். ஐந்து சட்டியிலும் பீன்ஸ் நேராக, பச்சைப் பசேலென்று நின்றது. செவ்வாய்ச் சட்டியில்தான் எல்லாவற்றையும்விடச் செழிப்பு.

மூக்கர் ஓர் இலையைத் தடவிப் பார்த்தார். ஐந்து சட்டிகளையும் ஒவ்வொன்றாகத் திருப்பிப் பார்த்தார். குழாய் சொட்டிக்கொண்டிருந்தது. இருவரில் யாரும் எழுந்துபோய் அதை மூடவில்லை.

"புல்லுல ஒண்ணுமில்ல" என்றார் கடைசியில். "அப்ப குவியல்தான் சுடல."

"நோட்டுல எழுதியிருக்கீங்களே, அத்தான்."

"கம்பி பழசு. தப்பாக் காட்டியிருக்கும். எனக்கும் மூக்கு போயிடுச்சுபோல." பிறகு மைத்துனரின் தோளில் கை வைத்தார். "நீ பாவம், அஞ்சு நாளும் அலைஞ்சே."

அந்தக் கை தோளில் இருக்கும்போதே சொல்லியிருக்கலாம். சொன்னால் வேலை போகும். வேலையைவிட, அந்தக் கை எடுக்கப்படும். செவ்வாய்ச் சட்டியில் நான்கு முளைகள் இருந்தன. வண்டிக்காரர் அவற்றை எண்ணினார், மறுபடி எண்ணினார், வீட்டுக்குப் போனார்.

தவறு தன்னுடையதே என்று மூக்கர் தன் கையாலேயே எழுதிக் கொடுத்துவிட்டு வேலையை விட்டார்.

அடுத்த செவ்வாய் சர்வேயரின் தொட்டியில் சிவப்புச் சீட்டு தொங்கியது. "இத்தனை நாள் எடுத்தியே, இன்னைக்கு மட்டும் என்ன வந்துச்சு?" என்றார் சர்வேயர். வண்டிக்காரர் அடுத்த வீட்டுத் தொட்டியை இழுக்கப் போய்விட்டார்.

மூன்று வருடம் கழித்துத்தான் வண்டிக்காரர் உண்மையைச் சொன்னார். மூக்கர் அப்போது ஒரு கார் நிறுத்துமிடத்தில் கூண்டுக்குள் உட்கார்ந்து தடுப்புக் கட்டையை ஏற்றி இறக்கிக்கொண்டிருந்தார். வண்டிக்காரர் கூண்டின் ஜன்னலருகே வண்டியை நிறுத்தி, மருந்து, பை, தையல்காரர் வீட்டுப் புல் எல்லாவற்றையும் ஒரே மூச்சில் கொட்டினார்.

மூக்கர் கேட்டுக்கொண்டிருந்தார். எதிர்ப்பக்கம் வந்த இரண்டு கார்களுக்குக் கட்டையைத் தூக்கிவிட்டார். மூன்றாவது காருக்குத் தூக்க மறந்தார்.

"அப்ப குவியல் சுட்டிருக்கு" என்றார்.

"சுட்டுச்சு, அத்தான்."

மூக்கர் தலையை ஆட்டினார். "வண்டிய எடு. பின்னாடி ஆள் நிக்குது."

மூக்கர் அதே கூண்டில் இன்னும் ஆறு வருடம் வேலை பார்த்து ஓய்வு பெற்றார். உரக்கிடங்குக்குத் திரும்பவேயில்லை. அவர் வீட்டில் ஒரு பூச்செடிகூடக் கிடையாது. அக்கா குடும்ப விசேஷங்களில் தம்பியைப் பார்த்தால், சாப்பிட்டாயா என்று மட்டும் கேட்பாள். மேலாளர் மாற்றலாகிப் போனார். சர்வேயர் இறந்த பிறகு அவர் பிள்ளைகள் புல்தரைமேல் சிமெண்ட் போட்டுவிட்டார்கள். வண்டிக்காரர் இன்னும் அதே சுற்றுக்குத்தான் போகிறார். அந்த வாசலில் இப்போது தொட்டி இல்லை. ஆனாலும் செவ்வாய்தோறும் அங்கே கொஞ்சம் நிறுத்திவிட்டுத்தான் வண்டியை நகர்த்துகிறார்.