கழிக்கச் சொன்ன மூன்று

எங்க காலேஜ்ல பிசிக்ஸ் டிபார்ட்மென்ட்னா நானும் ஒரு லெக்சரர் பொண்ணும்தான். நான் ஹெட். எனக்குக் கீழே ஒரே ஆள், அதுக்குப் பேரு தலைமை. அவ ஆறு வருஷம் முன்னாடி என்கிட்டயே படிச்சவ. மேல்படிப்பு முடிச்சுட்டு வந்து ரெண்டு வருஷமா தற்காலிக வேலையில இருந்தா. பசங்க எனக்கு வெச்ச பேரு சிடுமூஞ்சி. அவளுக்கு யாரும் பேரு வைக்கல. வைக்க மனசு வரல போல.

அவ வேலையை நிரந்தரமாக்கலாமான்னு பார்க்க அன்னிக்கு ஒரு குழு வந்திருந்தது. பிரின்சிபால், கெமிஸ்ட்ரி ஹெட், வெளியிலருந்து ஒரு பேராசிரியை. லேப்ல ஒரு வகுப்பு எடுத்துக் காட்டணும், அவ்வளவுதான். இதுல தேறலைன்னா வேலையே இல்லை.

கம்பியோட தடிமனை ஸ்க்ரூகேஜ்ல அளக்கிற பாடம். நான் ஜன்னலோரம் நின்னு பார்த்தேன், அழகாத்தான் நடத்தினா. அளவெடுத்து முடிச்சதும், "இதுல மூணு கழிச்சுடுங்க"ன்னு பிள்ளைங்ககிட்ட சொன்னா.

"எதுக்கும்மா மூணு?" பேராசிரியை கேட்டாங்க.

"நடுவுல எதுவும் வைக்காம மூடினாலே மூணு கோடு கூடக் காட்டும், மேடம்."

அந்தம்மா கருவியை வாங்கி மூடிப் பார்த்தாங்க. சரியா சைபர்ல நின்னுச்சு. இன்னொண்ணை எடுத்தாங்க. அதுவும் சைபர்.

மூணு காட்டினது பழைய ஸ்க்ரூகேஜ். அது உடைஞ்சு, புதுசு வாங்கிப் பத்து வருஷம் ஆச்சு. செய்முறைக் குறிப்புல நான் எழுதின மூணு மட்டும் அப்படியே இருக்கு. அதைத்தான் இவ ஒப்பிச்சா.

மறந்துட்டேன்னு சொன்னா அதுவும் பொய். படிக்கிற காலத்துலயே இவ என் மேஜைக்கு வந்து, "சார், சைபர்தானே காட்டுது, எதுக்குக் கழிக்கணும்?"னு கேட்டா. வாங்கிப் பார்த்தேன். அப்பவே புரிஞ்சு போச்சு. ஆனா அந்த வாரம்தான் மூணு கழிச்சு எழுதின முப்பது ரெக்கார்டு நோட்டுல கையெழுத்துப் போட்டிருந்தேன். "வந்துட்டா பெரிய விஞ்ஞானி. சொன்னதைச் செய், போ"ன்னு எரிஞ்சு விழுந்தேன். வகுப்பே சிரிச்சுது. அவ தலையைக் குனிஞ்சுக்கிட்டுப் போய் மூணு கழிச்சா. வேலையில சேர்ந்த அன்னிக்கும், "குறிப்புல இருக்கிறபடிதான் நடத்தணும், உன் சொந்த சரக்கெல்லாம் வேணாம்"னு சொல்லித்தான் லேப் சாவியைக் குடுத்தேன்.

"யாரும்மா இப்படிச் சொல்லிக்குடுத்தது?" பேராசிரியை கோபமாக்கூடக் கேட்கல.

அவ என்னைத் திரும்பிப் பார்த்தா. நான் ஜன்னல் கொக்கியைப் பார்த்தேன். அதுல பார்க்க என்ன இருக்கு?

"என் கவனக்குறைவுதான், மேடம்."

பிரின்சிபால் என் பக்கம் திரும்பினார். "ஹெட் என்ன சொல்றீங்க?"

அப்பவாவது வாயைத் திறந்து உண்மையைச் சொல்லியிருக்கலாம். திறந்தேன். "சின்னப் பொண்ணு, சார். போகப் போகக் கத்துக்கும்"னு சொன்னேன். பெருந்தன்மையாப் பேசற குரல்ல வேற. சீ, நானெல்லாம் ஒரு வாத்தியார்.

நாலு மணிக்கு முடிவு சொல்லிட்டாங்க. அடிப்படையே தெரியாதவங்களுக்கு வேலை தர முடியாதாம். இந்த மாசத்தோட சரி.

நான் டிபார்ட்மென்ட் ரூமுக்குப் போனப்ப அவ மேஜை இழுப்பறையை ஒழிச்சுக்கிட்டிருந்தா. புத்தகம், தண்ணி பாட்டில், ஒரு குடை. எதிர்ல நாற்காலி இருந்தும் உட்காரத் தோணல.

"ஏம்மா உன் மேல போட்டுக்கிட்ட? நான்தான் சொன்னேன்னு சொல்லியிருக்கலாமே?"

கேட்கும்போதே என் நாக்கு கூசுச்சு. அவ புத்தகங்களை அடுக்கி முடிச்சுட்டுத்தான் நிமிர்ந்தா. அழுத கண்ணு.

"சொல்லியிருந்தா நீங்க இல்லைன்னு சொல்லியிருப்பீங்க, சார். என்கிட்ட படிக்கிற பிள்ளைங்க முன்னாடி அதைப் பார்க்க எனக்குத் தெம்பில்லை."

அப்படிச் சொல்லியிருக்க மாட்டேன்மான்னு சொல்லத்தான் நினைச்சேன். மேஜையில இருந்த குடையை எடுத்து நீட்டினேன். அவ பையை எடுத்துக்கிட்டு, "வர்றேன், சார்"னு சொல்லிட்டுப் போனா.