இருபது இறக்கைகள்

பனிக்கௌதாரியின் இறக்கையைக் கையில் எடுத்தால் அதன் வயதைச் சொல்லிவிடுவேன். வெளி ஓரத்திலிருந்து இரண்டாவது இறகில் மூன்றாவதைவிடக் கருமை அதிகம் இருந்தால் அந்த வருடத்துக் குஞ்சு. இல்லையென்றால் கிழடு. அவ்வளவுதான் வித்தை. இதற்குத்தான் எனக்குச் சம்பளம்.

ஐஸ்லாந்தின் வடக்கே நவம்பரில் சுடும் பறவைகளிலிருந்து வேட்டைக்காரர்கள் இறக்கைகளை வெட்டி எங்கள் ஆய்வுக்கூடத்துக்கு அனுப்புவார்கள், ஒரு பறவைக்கு ஒன்று என்று கணக்கு. அடுத்த வருடம் எந்தப் பள்ளத்தாக்கில் எத்தனை நாள் சுடலாம் என்பதை அவற்றை வைத்துத்தான் சொல்கிறோம். எங்கும் மூன்றில் இரண்டு குஞ்சாக இருக்கும். ஸ்வார்த்தா பள்ளத்தாக்கிலிருந்து மட்டும், அங்கே இறக்கை அனுப்பத் தொடங்கிய ஒன்பது வருடமாகக் குஞ்சே வருவதில்லை. குடற்புழு அவற்றைக் கோடையிலேயே கொன்றுவிடுகிறது, கிழடுகள் பக்கத்துப் பள்ளத்தாக்குகளிலிருந்து வந்து சேர்கின்றன என்று நான் கட்டுரை எழுதினேன். இந்த வேலை, பெயர், மாநாட்டுக் கைதட்டல் எல்லாம் அந்தக் கட்டுரை கொடுத்ததுதான். செத்த குஞ்சு ஒன்றைக்கூட நான் பார்த்ததில்லை. நரி தின்றிருக்கும் என்று சொல்லிக்கொண்டேன்.

இந்த டிசம்பரில் அங்கிருந்து இருபது இறக்கைகள் வந்தன. குஞ்சு இரண்டே இரண்டு. அந்தப் பள்ளத்தாக்கில் மூன்று வருடம் வேட்டையை நிறுத்த வேண்டும் என்று திங்கட்கிழமை கூட்டத்தில் நான் பேச வேண்டும். அறிக்கை தயார். ஆனால் அந்த இரண்டு குஞ்சுகள் என்னைத் தூங்கவிடவில்லை.

"மத்ததெல்லாம் செத்துச்சு, சரி. இந்த ரெண்டு மட்டும் எப்படிப் பொழச்சுது?" என்று என்னோடு வேலை பார்க்கும் பெர்க்தோரிடம் கேட்டேன்.

"அதுக்கு நல்ல நேரம். விடேன் ஸ்டெய்ன்வோர், எல்லாத்தையும் நோண்டாத."

நோண்டாமல் இருக்க முடிந்தால் நான் ஏன் இந்த வேலைக்கு வருகிறேன்? வெள்ளிக்கிழமை காலையிலேயே வண்டியை எடுத்துவிட்டேன். பள்ளத்தாக்கின் ஐந்து வேட்டைக்காரர்களிடமும் இறக்கைகளை வாங்கிப் பெட்டியில் கட்டி அனுப்புகிறவர் கெதில். ஆடு வளர்ப்பவர், அறுபது வயது, வாய் ஓயாத மனிதர். அவரும் மனைவி உன்னுரும் புகையிட்ட ஆட்டிறைச்சியும் காப்பியும் கொடுத்தார்கள். நான் பையிலிருந்து அந்த இரண்டு இறக்கைகளை எடுத்து மேசையில் வைத்தேன்.

"இது ரெண்டையும் எங்க சுட்டீங்க அண்ணே?"

கெதில் குனிந்து இறகின் கருமையைப் பார்த்துவிட்டுச் சிரித்தார். "அந்த இளசுங்க ரெண்டா? மானத்தை வாங்காதம்மா. கிட்டக்க நின்னு சுட்டுட்டேன், உடம்பே கந்தலாப் போச்சு. அதை எப்படி இன்னொருத்தருக்குக் குடுக்கறது? நாமளே தின்னுக்கலாம்னு வெச்சுக்கிட்டேன்."

"இன்னொருத்தருக்கா? யாருக்கு?"

"யாருக்கா! கிறிஸ்துமஸுக்குத்தான். வயசானவங்க, மலை ஏற முடியாதவங்க. இளசுங்க எல்லாம் அவங்களுக்கு. பல்லு இல்லாதவங்க கிழட்டுக் கறியை எப்படி மெல்லுவாங்க? எங்களுக்குப் பல்லு இருக்கு, கிழடு எங்களுக்கு."

"அதோட இறக்கை?"

"அதை வெட்டலாமா?" உன்னுருக்குக் கோபமே வந்துவிட்டது. "சிறகோட முழுசாக் குடுக்கறதுதான் இங்க மரியாதை. வெட்டிட்டுக் குடுத்தா, தின்ன மிச்சத்தைத் தள்ளிவிட்டான்னு ஊரே பேசும். அஞ்சு வீட்டுலயும் இப்படித்தான்."

அப்படியானால் குஞ்சுகளின் இறக்கை பெட்டிக்கு வர வழியே இல்லை. எத்தனை சுட்டார்கள் என்ற கணக்கு வேறொரு அலுவலகத்துக்குப் போகிறது. எங்களுக்கு வருவது இறக்கை மட்டும்.

"இப்பவே பார்க்கணும், அண்ணே. கொடுத்த வீடு அத்தனையும்."

கெதில் கிளம்பிவிட்டார். வெளிச்சம் மூன்று மணிவரைதான். வீடு வீடாக ஏறி இறங்கினோம். கொட்டகையிலும் பின்கட்டு ஜன்னலுக்கு வெளியிலும் பறவைகள் கழுத்தில் கயிறோடு தொங்கின, வெள்ளை வெளேரென்று, சிறகு கலையாமல். நான் ஒவ்வொரு இறக்கையாக விரித்தேன். குஞ்சு. குஞ்சு. குஞ்சு. ஒரு கிழவர் மட்டும் தடியோடு வந்து, "தொடாத, அது என் சாப்பாடு!" என்று கத்தினார். "தின்ன மாட்டா பெருசு, படிச்சவ, பார்த்துட்டுத்தான் போவா" என்று கெதில் சமாதானம் சொன்னார்.

ஒன்பது வீடு, முப்பத்தாறு பறவை. முப்பத்தைந்து குஞ்சு. பெட்டியில் வந்ததையும் சேர்த்தால் ஐம்பத்தாறில் முப்பத்தேழு. மூன்றில் இரண்டு, எல்லா ஊரையும் போல.

வண்டியில் உட்கார்ந்து அழுதேன். சந்தோஷத்தில் என்று சொன்னால் அது பொய். குஞ்சுகள் நன்றாக இருக்கின்றன என்று எனக்கு முதலில் தோன்றவே இல்லை. என் கட்டுரை போயிற்றே என்றுதான் தோன்றியது. அப்படித் தோன்றியதை நினைத்தபோது வெட்கமாக இருந்தது.

கெதில் ஜன்னலைத் தட்டினார். அவர் முகத்தில் சிரிப்பு இல்லை. "நாங்க ஏதும் தப்புப் பண்ணிட்டோமாம்மா? ஒன்பது வருஷமா?"

"நீங்க ஒண்ணும் பண்ணல. சுட்டதுல எத்தனையை அனுப்பலைன்னு ஒரு வார்த்தை நான் கேட்டிருக்கணும். கேக்கல."

"அப்போ குஞ்சுங்களைக் கொல்ற நோயே கிடையாதா?"

"கிடையாது அண்ணே."

அந்த மனிதர் பனியில் நின்றபடியே தொப்பியைக் கழற்றிவிட்டார். "அடி ஆத்தி! ஒவ்வொரு தடவை துப்பாக்கியைத் தூக்கறப்பவும் பயந்துக்கிட்டே இருந்தேனே. செத்தது போக மிச்சம் பொழச்ச குஞ்சையும் நாமளே முடிச்சிடறமோன்னு."

பெர்க்தோருக்குப் போன் செய்து நடந்ததைச் சொன்னேன். "திங்கட்கிழமை நான் வேணா பேசட்டுமா?" என்றான்.

"வேண்டாம். தப்புப் பண்ணினவ நான். நானே நின்னு சொல்றேன்."

போனை வைத்துவிட்டு, கட்டுரையை வெளியிட்ட ஆய்விதழின் ஆசிரியருக்கு இரண்டே வரி எழுதினேன். என் கட்டுரையைத் திரும்பப் பெறுகிறேன். ஸ்வார்த்தா பள்ளத்தாக்கில் குஞ்சுகள் சாகவில்லை.